செமி ஆட்டோமேட்டிக் டிரையர்: உறுமுது, சுத்த மாட்டேங்குது, கீழே தண்ணி சொட்டுது. எதை முதல்ல மாத்தணும்?

துவைகல்:

வணக்கம். மெஷின் 7 கிலோ செமி ஆட்டோமேட்டிக், வாங்கி எட்டு வருஷம். துவைக்கிற பக்கம் நல்லா ஓடுது. டிரையர் பக்கம்தான் கோளாறு. கவனிச்சதை அப்படியே எழுதறேன்.

டைமரைத் திருப்பி மூடியைச் சாத்தினா ‘ம்ம்ம்’னு உறுமல் மட்டும் வருது. துணி இல்லாம காலியா விட்டா மெதுவா கிளம்பி, அரை நிமிஷம் கழிச்சு ஓரளவு வேகம் பிடிக்குது. பழைய வேகம் இல்லை. கூடவே ரப்பர் கருகுற வாசனை. துவைச்ச தண்ணியை வெளியே விடும்போது டிரையருக்கு நேர் கீழே தரையில சொட்டுது, மத்த நேரம் சொட்டறதில்லை.

பின்பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தாச்சு. டிரையர் மோட்டார் தலையில துரு, சுத்தி வெள்ளையா உப்புப் படிவு. எங்களுக்கு போர் தண்ணி. கெப்பாசிட்டர் மேல 10+5 மைக்ரோஃபாரட், 440 வோல்ட்னு போட்டிருக்கு. மல்டிமீட்டர்ல 10 பக்கம் 9.8 காட்டுது, 5 பக்கம் 3.4 தான். டிரையர் மோட்டாரோட மூணு கம்பிக்கும் நடுவுல அளந்தா 68, 91, 159 ஓம்.

மோட்டாரை மாத்தணுமா? ஸ்பேனர், மல்டிமீட்டர் கையில இருக்கு. எந்தப் பொருளை எந்த வரிசையில மாத்தறதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கம்பிச்சுருள்:

உங்கள் அளவுகளே பாதிப் பதிலைச் சொல்லிவிட்டன. மோட்டார் சுருள் நன்றாக இருக்கிறது. டிரையர் மோட்டாரில் இரண்டு சுருள்கள் உண்டு, ஒரு முனை இரண்டுக்கும் பொது. மூன்று அளவுகளில் பெரியது மற்ற இரண்டின் கூட்டுத்தொகையாக வர வேண்டும். 68 + 91 = 159. கணக்கு சரி. சுருள் அறுந்திருந்தால் ஏதாவது இரண்டு அளவு வரவே வராது. சுருள் உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டிருந்தால் ஒரு அளவு மிகவும் குறைந்துபோகும், மோட்டாரும் சில நிமிடங்களிலேயே தொட முடியாத சூடாகும்.

உங்கள் மெஷினில் மூன்று கோளாறுகள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. கெப்பாசிட்டரில் 10 பக்கம் துவைக்கிற மோட்டாருக்கு, 5 பக்கம் டிரையர் மோட்டாருக்கு; அந்த 5க்கு 3.4 என்றால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது, கிளம்பும் விசை அதனால்தான் இல்லை. ரப்பர் வாசனை, டப்பை நிறுத்தும் பிரேக் கட்டை அது பிடிக்கும் டிரம்மைவிட்டு முழுதாக விலகாமல் உரசுவதால் வருகிறது. தண்ணீர் சொட்டுவது டிரையர் சீல் கிழிந்ததால்.

இந்த மூன்றில் மூல வியாதி சீல். டிரையரில் ஓட்டை போட்ட உள் டப் ஒன்று, அதைச் சுற்றி வெளித் தொட்டி ஒன்று. உள் டப்பின் ஷாஃப்ட் வெளித் தொட்டியின் அடியில் உள்ள துளை வழியாக இறங்கி, கப்ளிங் மூலம் நேராக மோட்டாரோடு சேர்கிறது. நடுவில் பெல்ட்டோ கியரோ கிடையாது. அந்தத் துளையை அடைத்திருக்கும் மடிப்பு மடிப்பான ரப்பர்தான் சீல். துவைக்கிற பக்கத்துத் தண்ணீரும் டிரையர் தண்ணீரும் ஒரே குழாய் வழியாக வெளியேறுவதால், தண்ணீரைத் திறந்துவிடும்போது டிரையரின் வெளித் தொட்டியிலும் கொஞ்சம் ஏறி நிற்கும். அந்த நேரத்தில் சீல் தண்ணீருக்குள் இருக்கிறது. அப்போது மட்டும் சொட்டுகிறது என்று நீங்கள் எழுதியது அப்படியே இதற்குப் பொருந்துகிறது.

சீலுக்கு நேர் கீழே மோட்டார். சோப்பும் உப்பும் கலந்த தண்ணீர் முதலில் கப்ளிங் மேலும் பிரேக் மேலும் விழும், பிறகு மோட்டாரின் மேல் பேரிங்குக்குள் இறங்கும், கடைசியில் சுருளுக்குள் போகும். சீலை விட்டுவிட்டு மோட்டாரை மட்டும் மாற்றினால் புது மோட்டாரும் அதே வழியில்தான் போகும். இதைப் பலர் செய்கிறார்கள். தயவுசெய்து நீங்கள் செய்ய வேண்டாம்.

வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் சீல், அது கழன்றிருக்கும்போதே மோட்டார் தாங்கும் மூன்று ஸ்பிரிங்குகளும் பிரேக் கட்டையும், அப்புறம் கெப்பாசிட்டர், எல்லாம் மாட்டிய பிறகு கடைசியாக பிரேக் கம்பியின் அளவு. பிரேக் கடைசியாக வருவதற்குக் காரணம் உண்டு. பெரும்பாலான மாடல்களில் பிரேக் மோட்டாரின் மேல் தட்டில் இருக்கிறது, அதை இழுக்கும் கம்பி மேலே மூடியிலிருந்து வருகிறது. ஸ்பிரிங் தொய்ந்தால் மோட்டார் கீழிறங்கி, கம்பி இறுகி, பிரேக் பிடிக்காமல் போகும். புது ஸ்பிரிங் போட்டால் மோட்டார் சில மி.மீ. மேலே ஏறி, கம்பி தளர்ந்து, பிரேக் உரச ஆரம்பிக்கும். பிரேக்கை முதலில் சரி செய்துவிட்டு ஸ்பிரிங்கை மாற்றினால் இரண்டு வேலை.

கழற்றும் முன் இன்னொன்று. டார்ச் அடித்து உள் டப்புக்கும் வெளித் தொட்டிக்கும் நடுவே பாருங்கள். கைக்குட்டை, குழந்தை சாக்ஸ், ரவிக்கை நாடா உள்ளே விழுந்து ஷாஃப்ட்டில் சுற்றிக்கொண்டாலும் இதே உறுமல்தான் வரும்.

பத்துநம்பர்:

மேலே சொன்ன வரிசை சரிங்க. கழற்றுற முறையை நான் சொல்றேன்.

முதல்ல பிளக்கைப் பிடுங்கி வைங்க. சுவிட்சை அணைச்சா மட்டும் போதாது. பழைய வயரிங்ல சுவிட்ச் நியூட்ரல்ல இருந்துச்சுன்னா, அணைச்ச பிறகும் மோட்டார்ல கரண்ட் இருக்கும். தண்ணிக் குழாயைக் கழற்றி, மெஷினைச் சுவத்துல இருந்து மூணடி முன்னாடி இழுத்துக்கங்க. பின் தகடு அஞ்சாறு ஸ்டார் ஸ்க்ரூ. கழற்றினதும் செல்போன்ல நாலு பக்கமும் போட்டோ எடுங்க, வயர் நிறம், பிரேக் கம்பி எந்த ஓட்டையில மாட்டியிருக்கு, எல்லாம் தெரியற மாதிரி.

கெப்பாசிட்டரைத் தொடறதுக்கு முன்னாடி அதுல நிக்கிற கரண்ட்டை இறக்கணும். ஒரு 60 வாட்ஸ் குண்டு பல்பை ஹோல்டர்ல மாட்டி, ரெண்டு கம்பியையும் கெப்பாசிட்டர் முனைகள்ல சில விநாடி வச்சு எடுங்க. 10, 5 ரெண்டு பக்கமும் இறக்கணும். ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வச்சு பொறி பறக்க விடற பழக்கம் வேண்டாம். கெப்பாசிட்டர் முனையும் கெடும், கண்ணுலயும் தெறிக்கும்.

இப்ப கப்ளிங். ஒரு கைப்பிடி உயரத்துக்கு உருளையா இருக்கும். சில மாடல்ல அதுவே பிரேக் டிரம்மும்கூட. அதுல மேல ஒரு போல்ட், கீழ ஒரு போல்ட். மேல் போல்ட் டப் ஷாஃப்ட்டைப் பிடிக்கும், கீழ் போல்ட் மோட்டார் ஷாஃப்ட்டைப் பிடிக்கும். நமக்கு வேணுங்கறது மேல் போல்ட் மட்டும். கீழதை எதுக்கும் தொடாதீங்க. பெரும்பாலும் 10 நம்பர் ஸ்பேனர் தான், மேல ஒரு லாக் நட் இருக்கும். நட்டை முதல்ல தளர்த்தி, அப்புறம் போல்ட்டை முக்கால்வாசி வெளியே எடுங்க. முழுசா எடுத்தாலும் தப்பில்லை.

பிரேக் கட்டை டிரம்மைப் பிடிச்சிருக்கும். பிரேக் லிவரைக் கையால விலக்கி ஒரு கேபிள் டை போட்டு நிறுத்திக்குங்க. பிறகு டிரையர் மூடியைத் திறந்து, உள்ள இருக்கிற சின்ன மூடி, அதைச் சுத்தின பிளாஸ்டிக் வளையம் ரெண்டையும் கழற்றுங்க. சில மாடல்ல வளையம் கிளிப்ல நிக்கும், சிலதுல ஸ்க்ரூ. வளையம் வந்தும் டப் வெளியே வராத மாடலும் இருக்கு. அதுக்கு மேல் பேனலையே பின்பக்கம் ஸ்க்ரூ எடுத்துத் தூக்கணும். டைமர் வயரெல்லாம் அந்தப் பேனல்லதான் இருக்கும், வெடுக்குனு இழுத்துடாதீங்க.

டப்பை ரெண்டு கையாலயும் நேரா மேல தூக்குங்க. வந்துட்டா நல்லது.

இப்ப வெளித் தொட்டிக்குள்ள சீல் தெரியும். சிலது ரப்பர் விளிம்பே துளையில கவ்வியிருக்கும், சிலதுல மேல ஒரு பிளாஸ்டிக் தட்டு போட்டு ஸ்க்ரூ அடிச்சிருக்கும். பழைய சீலைக் கையில எடுத்துக்கிட்டே கடைக்குப் போங்க. மாடல் பேரைச் சொல்லி வாங்கறதைவிட அதுதான் நம்பகம். மூணு அளவு ஒத்துப்போகணும்: நடுத்துளை, தொட்டியில உக்கார்ற வெளி விளிம்பு, மடிப்போட உயரம். சீல் நடுவுல ஒரு உலோக புஷ் இருக்கும். புது சீலோட புஷ்ல ஷாஃப்ட்டை அங்கேயே விட்டுப் பாருங்க, கையால சுத்தினா சுத்தணும், ஆடக் கூடாது.

மாட்டறப்ப துளையோட விளிம்புல இருக்கிற உப்பு, சோப்புப் பத்து எல்லாத்தையும் பழைய பல் துலக்கற பிரஷ்ஷும் வினிகரும் வச்சுச் சுரண்டி எடுங்க. உப்புக் கட்டி ஒண்ணு நின்னாலும் அந்த இடத்துல கசியும். ரப்பர் விளிம்புக்கு சோப்புத் தண்ணி தடவி அமுக்கினா வழுக்கி உக்காரும். தேங்காய் எண்ணெய், இன்ஜின் ஆயில் எதையும் ரப்பர்ல தடவாதீங்க, ஊறி உப்பி சீக்கிரம் கிழியும். புஷ்ஷுக்குள்ள மட்டும் ஒரு விரல் நுனி அளவு தண்ணியில கரையாத வெள்ளை கிரீஸ்.

டப் ஷாஃப்ட்டையும் பாருங்க. சீல் உரசற இடத்துல பள்ளமோ துருவோ இருந்தா 400 நம்பர் எமரி காகிதத்தைத் தண்ணியில நனைச்சு, சுத்திச் சுத்தித் தேய்ச்சு வழவழப்பாக்குங்க. நீளவாக்குல தேய்ச்சா அந்தக் கீறல் வழியாவே தண்ணி இறங்கும். விரல் நகம் மாட்டற அளவு பள்ளம் விழுந்திருந்தா புது சீல் நிக்காது, டப்பைத்தான் மாத்தணும்.

துவைகல்:

ரொம்ப நன்றி அண்ணா. கப்ளிங் மேல் போல்ட் கழன்றுவிட்டது. ஆனா டப் அசையவே இல்லை, ஷாஃப்ட்டும் கப்ளிங்கும் துருப்பிடிச்சு ஒண்ணா ஒட்டியிருக்கு. சுத்தியால தட்டலாமா?

பத்துநம்பர்:

மேலருந்து தட்டினாலும் கீழருந்து நெம்பினாலும் அடி மோட்டார் பேரிங்குக்குத்தான் போகும். தட்டாதீங்க.

துரு இளக்கற ஸ்ப்ரேயைப் போல்ட் துளை வழியாவும், ஷாஃப்ட் கப்ளிங்குக்குள்ள நுழையற வாய்லயும் அடிங்க. கீழே மோட்டார் மேல ஒரு பழைய துணியும் பாலித்தீனும் போட்டு மூடிட்டு அடிக்கணும், பிரேக் கட்டையிலயும் படக் கூடாது. ராத்திரி முழுக்க விடுங்க. காலையில கப்ளிங்கை ஒரு பைப் ரெஞ்ச்சாலயோ, துணி சுத்தின பெரிய பிளேயராலயோ கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு, இன்னொருத்தரை மேல டப்பை இடமும் வலமுமாத் திருப்பச் சொல்லுங்க. முதல்ல ஒரு நூலளவு அசையும். அசைஞ்சதும் இன்னொரு தடவை ஸ்ப்ரே. திருப்பிக்கிட்டே மேல இழுத்தா வந்துரும்.

அப்பவும் வரலேன்னா கீழ் போல்ட்டைத் தளர்த்தி, டப்பும் கப்ளிங்கும் சேர்ந்து மேல வருமான்னு பார்க்கலாம். ஆனா சீல் துளை கப்ளிங்கை விடாது. அந்தக் கட்டத்துல கப்ளிங்கை அறுத்து எடுத்துப் புதுசு போடறதுதான் வழி. கப்ளிங் விலை குறைச்சல், டப் ஷாஃப்ட் வளைஞ்சா செலவு அதிகம். எதைக் காப்பாத்தணும்னு அதை வச்சு முடிவு பண்ணுங்க.

எர்த்கம்பி:

மின்சாரப் பக்கத்தைப் பற்றி யாரும் முழுதாக எழுதவில்லை. சேர்த்துவிடுகிறேன்.

கெப்பாசிட்டரின் மேல் ±5% என்று அச்சிட்டிருக்கும். 5 மைக்ரோஃபாரட் 4.5க்குக் கீழே இறங்கினாலே மாற்றிவிடுவது நல்லது. 440 வோல்ட் என்று எழுதியதைத்தான் வாங்க வேண்டும். வீட்டு மின்சாரம் 230 தானே என்று 250 வோல்ட் கெப்பாசிட்டர் போடக் கூடாது. மோட்டார் ஓடும்போது கெப்பாசிட்டர் முனைகளில் வீட்டு மின்சாரத்தைவிட அதிக வோல்ட் எழும். அளவையும் கூட்டக் கூடாது. ‘8 போட்டால் வேகமாகச் சுற்றும்’ என்று சொல்வார்கள். வேகம் கூடாது, சுருள்தான் சூடாகும். இது 4 துருவ மோட்டார், 50 ஹெர்ட்ஸில் காந்தப்புலமே நிமிடத்துக்கு 1500 சுற்றுதான். டப் 1300–1400 சுற்றோடு நின்றுவிடும்.

10+5 இரட்டை கெப்பாசிட்டர் கிடைக்காவிட்டால், 10 பக்கம் 9.8 என்று நன்றாகவே இருப்பதால் அதை விட்டுவிட்டு 5க்கு மட்டும் தனி கெப்பாசிட்டர் போடலாம். அவசரத்துக்கு சீலிங் ஃபேன் கெப்பாசிட்டர் 2.5 மைக்ரோஃபாரட், 440 வோல்ட் இரண்டை இணையாகச் சேர்த்தாலும் 5 வரும். இணையாக என்றால் இரண்டின் ஒரு பக்கக் கம்பிகளை ஒன்றாகவும் மறுபக்கக் கம்பிகளை ஒன்றாகவும் முறுக்க வேண்டும். வரிசையாகப் போட்டால் 1.25 ஆகிவிடும்.

இணைப்பு: 159 ஓம் காட்டிய இரண்டு கம்பிகளுக்கு நடுவில்தான் கெப்பாசிட்டர். மீதி உள்ள ஒன்று பொது முனை, அது மின்வழியின் ஒரு பக்கம். மற்றொரு பக்கம் 68 ஓம் சுருளின் முனைக்கு வர வேண்டும், அதாவது பொது முனையோடு அளந்தால் 68 காட்டும் கம்பிக்கு. தவறி 91 ஓம் முனைக்குக் கொடுத்தால் மோட்டார் எதிர்த்திசையில், பலமில்லாமல், சூடாகிக்கொண்டு சுற்றும். இந்த மாதிரி டிரையர் மோட்டாரில் முதன்மைச் சுருளின் ஓம் குறைவாக இருப்பதுதான் வழக்கம். இருந்தாலும் பத்துநம்பர் எடுக்கச் சொன்ன போட்டோவோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். துவைக்கிற மோட்டாரில் இந்தக் குழப்பம் வராது, இரு திசையிலும் சுற்ற வேண்டியதால் அதன் இரண்டு சுருளும் சம ஓம்.

முக்கியமான சோதனை இனிமேல்தான். இத்தனை நாள் தண்ணீர் விழுந்த மோட்டார் என்பதால் சுருளுக்கும் உடம்புக்கும் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். மோட்டார் கம்பிகளை இணைப்பிலிருந்து விலக்கிவிட்டு, மல்டிமீட்டரை அதிகபட்ச மெகாஓம் அளவில் வைத்து, ஒரு முனையைச் சுருளிலும் மற்றதை மோட்டார் உடம்பில் துரு சுரண்டிய இடத்திலும் வையுங்கள். எந்த அளவும் காட்டக் கூடாது. ஏதாவது எண் வந்தால் சுருளுக்குள் ஈரம். இரண்டு நாள் வெயிலில் வைத்து மறுபடி அளக்கலாம். அப்போதும் எண் வந்தால் அந்த மோட்டாரை ஓட்டாதீர்கள். மல்டிமீட்டர் சிறிய பேட்டரியில் அளப்பதால் சின்னக் கசிவைத் தவறவிடும். பக்கத்தில் எலக்ட்ரீஷியனிடம் 500 வோல்ட் மெகர் (அதிக வோல்ட் கொடுத்துக் கசிவை அளக்கும் கருவி) இருந்தால் அதில் அளப்பதுதான் உறுதி.

மெஷினின் மூன்று பின் பிளக்கில் எர்த் நிஜமாகவே இருக்கிறதா என்றும் பாருங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) போட்ட வீட்டில், டிரையர் டைமரைத் திருப்பியதும் அது விழுந்தால் மோட்டார் கசிகிறது என்று பொருள். அதை மறுபடி மறுபடி தூக்கிவிட்டு ஓட்டக் கூடாது. குளியலறையிலோ ஈரத் தரையிலோ மெஷின் நிற்கும் வீடுகளில் இது உயிர் சம்பந்தப்பட்டது.

மோட்டாரைக் கையால் சுற்றிப் பாருங்கள். பிரேக்கை விலக்கிவிட்டுச் சுற்றும்போது கரகரவென்றால் மேல் பேரிங் துருப்பிடித்திருக்கிறது. பால் பேரிங் உள்ள மோட்டார் என்றால் பேரிங்கின் விளிம்பிலேயே எண் பொறித்திருக்கும், அதே எண்ணில் இருபுறமும் ரப்பர் மூடி உள்ளதாக வாங்குங்கள். புஷ் போட்ட மோட்டாராக இருந்து ஷாஃப்ட் பக்கவாட்டில் ஆடினால் பழுது பார்ப்பது பயனில்லை, மாற்றுவதுதான் வழி. வாங்கும்போது காப்பர் சுருளா அலுமினியச் சுருளா என்று கேளுங்கள். ஒரே அளவில் அலுமினியம் கைக்கு இலேசாக இருக்கும், விலையும் குறையும், சூடு தாங்குவதும் குறைவு.

நூல்கண்டு:

சுலபமான வழி இருக்கு. டோர் சுவிட்ச் வயர் ரெண்டையும் சேர்த்து முறுக்கிட்டு, பிரேக் கம்பியை இழுத்துக் கட்டிட்டா உரசறது நின்னுரும். தண்ணி சொட்டறதுக்கு எம்சீல் வச்சு அடைச்சுக்கலாம். ஐநூறு ரூபாய் மிச்சம்.

கம்பிச்சுருள்:

நூல்கண்டு, இதை யாரும் செய்யக் கூடாது என்று வெளிப்படையாகவே சொல்கிறேன். டோர் சுவிட்ச் மூடி திறந்ததும் மோட்டாருக்கு மின்சாரத்தை நிறுத்துகிறது. பிரேக் அதே நொடியில் டப்பைப் பிடித்து நிறுத்த ஆரம்பிக்கிறது. இரண்டையும் எடுத்துவிட்டால், மூடி திறந்த நிலையில் ஈரத்துணியோடு 1300 சுற்று வேகத்தில் டப் சுழன்றுகொண்டிருக்கும். சேலை நுனியோ துப்பட்டாவோ உள்ளே இழுபட்டால் கையையும் சேர்த்து இழுக்கும். குழந்தைகள் எட்டிப் பார்க்கும் உயரம் அது.

எம்சீலும் அங்கே நிற்காது. சீல் என்பது அசைகிற ரப்பர். மோட்டாரும் டப்பும் ஸ்பிரிங் மேல் ஒன்றாக ஆடுவதற்காகத்தான் அதற்கு மடிப்பு. கல்லாக இறுகும் எதையும் அதில் அப்பினால் முதல் ஓட்டத்திலேயே பிய்ந்துவிடும், ஷாஃப்ட்டிலும் ஒட்டி அதைக் கீறும். விரிசல் விட்ட டப்புக்கும் இதே பதில்தான். அந்த வேகத்தில் ஒட்டு தாங்காது, சிதறும்.

துவைகல் கவனத்துக்கு பிரேக் அளவு. மூடியைத் திறந்தால் கம்பி தளர்ந்து, ஸ்பிரிங் கட்டையை டிரம்மில் அழுத்தும். மூடினால் கம்பி இழுத்து விலக்கும். கம்பி அறுந்தால் டப் சுற்றாமல் நிற்கும்படிதான் வடிவமைத்திருக்கிறார்கள். ஆகவே ‘உறுமல் மட்டும் வருகிறது’ என்ற புகாரில் கம்பி அறுந்ததும் ஒரு காரணமாக இருக்கும். மூடியைச் சாத்திவிட்டுப் பின்பக்கம் பாருங்கள். கட்டைக்கும் டிரம்முக்கும் நடுவே 2–3 மி.மீ. இடைவெளி எல்லாச் சுற்றிலும் இருக்க வேண்டும். டப்பைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி எங்கும் தொடவில்லை என்று உறுதி செய்யுங்கள். கம்பியின் முனை மாட்டும் இடத்தில் இரண்டு மூன்று துளைகள் இருக்கும், ஒரு துளை தள்ளி மாட்டினாலே இந்த அளவு வந்துவிடும். கம்பியில் ஒரு இழை பிரிந்திருந்தாலும் புதுசு போடுங்கள்.

கட்டையின் ரப்பர் தேய்ந்து, பளபளவென்று கண்ணாடி போல ஆகியிருந்தால் அதையும் மாற்ற வேண்டும். உங்களுக்கு வாசனை வந்த அளவுக்கு உரசியிருப்பதால் மாற்றும்படிதான் இருக்கும். டிரம்மின் மேல் கிரீஸோ ஸ்ப்ரேயோ பட்டிருந்தால் சோப்பு போட்டுத் துடைத்துக் காய வையுங்கள்.

மின்சாரம் கொடுத்த பிறகு கடைசிச் சோதனை: காலி டப்பை முழு வேகத்தில் விட்டு மூடியைத் திறங்கள். கை நுழையும் அளவு திறப்பதற்குள் மோட்டார் மின்சாரம் நின்றுவிட வேண்டும். டப் 10–15 விநாடிக்குள் நிற்க வேண்டும். அதற்கு மேல் ஓடினால் கம்பி இறுக்கமாக இருக்கிறது.

துவைகல்:

சீல், கட்டை, 5 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், மூணு ஸ்பிரிங் எல்லாம் மாத்தியாச்சு. கசிவுச் சோதனையில மோட்டார் எதுவும் காட்டலை. காலியா ஓடும்போது வேகம் அருமை. துணி போட்டா கிளம்பற முதல் பத்து விநாடி மட்டும் டம் டம்னு இடிக்குது, வேகம் பிடிச்சதும் நின்னுருது. டப்பைக் கையால ஆட்டினா ஒரு விரல் அகலம் ஆடுது. இது சரியா?

பத்துநம்பர்:

கையால ஆட்டினா ஆடறது சரிதாங்க. ஸ்பிரிங் மேல மிதக்கற அமைப்பு அது, ஆடாம இறுகியிருந்தாதான் தப்பு.

கிளம்பறப்ப இடிக்கிறதுக்கு ரெண்டு மூணு காரணம். முதல்ல போல்ட்டைப் பாருங்க, இது ஆபத்தான விஷயம்கறதால. டப் ஷாஃப்ட்டோட ஒரு பக்கம் தட்டையாச் சீவியிருக்கும். கப்ளிங் மேல் போல்ட்டோட நுனி சரியா அந்தத் தட்டைப் பரப்புல உக்காரணும். உருண்டைப் பக்கத்துல முட்டி நின்னா, இறுக்கின மாதிரி கைக்குத் தெரியும், ஆனா நாலு நாள் ஓட்டத்துல நழுவி டப் மேல கிளம்பிரும். போல்ட்டைத் தளர்த்தி, டப்பை நல்லா கீழ வரைக்கும் அமுக்கி, டார்ச் அடிச்சு தட்டைப் பக்கம் துளைக்கு நேரா வர்ற மாதிரி டப்பைத் திருப்பி, அப்புறம் இறுக்குங்க. போல்ட் இறுகினதும் டப்பை இடம் வலமாத் திருப்பிப் பாருங்க, கப்ளிங்கும் கூடவே வரணும், கொஞ்சம்கூட வழுக்கக் கூடாது. கடைசியா லாக் நட். அதை மறந்தா அதிர்வுலயே போல்ட் கழலும்.

அடுத்து மூணு ஸ்பிரிங்கும் ஒரே உயரத்துல உக்காந்திருக்கான்னு ஸ்கேல் வச்சுப் பாருங்க. சிலதுல ஸ்பிரிங்குக்குள்ள ஸ்பாஞ்ச், மேல கீழ ரப்பர் தொப்பி இருக்கும். ஒரு தொப்பி மடிஞ்சு உக்காந்தாலே டப் ஒரு பக்கம் சாயும். மெஷினோட நாலு காலும் தரையில பதியணும். மூலையைப் பிடிச்சு அமுக்கினா ஆடக் கூடாது.

இது ரெண்டும் சரின்னா, மிச்சம் துணி வைக்கிற முறைதான். கனமான ஜீன்ஸ், துண்டு எல்லாம் அடியில வட்டமாப் பரப்பி, மேல இலேசான துணி. நடுவுல குவிக்காம ஓரத்தை ஒட்டி அமுக்கி வைக்கணும். மேல அந்த வலைத் தட்டைக் கட்டாயம் போட்டு அமுக்குங்க, துணி எகிறி வெளித் தொட்டிக்குள்ள விழறது அது இல்லாததாலதான். போர்வை ஒண்ணை மட்டும் தனியாப் போட்டா ஒரு பக்கமா ஒதுங்கும், கூட ரெண்டு துண்டைச் சேர்த்து சமன் பண்ணுங்க. பாதி வேகத்துல சின்னதா ஒரு ஆட்டம் எந்த மெஷின்லயும் வரும். தொட்டியில இடிக்கிற சத்தம் மட்டும் வரக் கூடாது.

துவைகல்:

போல்ட் உருண்டைப் பக்கத்துலதான் இருந்தது! திருப்பி உக்கார வச்சாச்சு. இடிக்கிறது நின்னுருச்சு. பின் தகட்டை மூடிடலாமா?

எர்த்கம்பி:

மூடும் முன் ஒரு தண்ணீர்ச் சோதனை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வெளியேற்றும் குழாயின் வாயை மெஷினின் மேல் விளிம்பு உயரத்துக்குத் தூக்கிக் கட்டுங்கள். டிரையர் வெளித் தொட்டியில் மூன்று விரல் கடை உயரம் நிற்கும் வரை தண்ணீர் ஊற்றுங்கள். மோட்டார் மேல் ஒரு செய்தித்தாள் விரித்து, கால் மணி நேரம் விடுங்கள். தாளில் ஒரு பொட்டு ஈரம் இருந்தாலும் சீல் சரியாக உட்காரவில்லை. காய்ந்திருந்தால் டப்பை மெதுவாகக் கையால் இருபது சுற்று சுற்றிவிட்டு மறுபடி பாருங்கள், நிற்கும்போது கசியாத சீல் சுற்றும்போது கசிவதுண்டு. பிறகு குழாயைக் கீழே இறக்கித் தண்ணீரை முழுக்க வடித்துவிடுங்கள். தண்ணீர் நிற்கும்போது மோட்டாரைப் போடக் கூடாது, டப் தண்ணீரைக் கலக்கிக்கொண்டு திணறும், சுருள் சூடாகும்.

இதே காரணத்தால்தான் எப்போதும் அந்தக் குழாய் தரையோடு கிடக்க வேண்டும். வாயை வாளி விளிம்பிலோ உயர்ந்த ஜலதாரை மேட்டிலோ தூக்கி வைத்தால் டிரையர் தொட்டியில் தண்ணீர் தங்கும், சீல் நாள் முழுக்க ஊறும்.

வயர் இணைப்புகளை மோட்டாருக்கு மேலே, தண்ணீர் விழாத பக்கமாகத் தூக்கி, இணைப்பு வாய் கீழ்நோக்கி இருக்கும்படி கேபிள் டை போடுங்கள். அடித்தட்டு திறந்திருக்கும் மாடல் என்றால் எலி ஏறி வயரைக் கடிக்கும். மெல்லிய கம்பி வலையை அளவாக வெட்டி அடியில் ஸ்க்ரூ போட்டுவிடுங்கள், ஆனால் துணி, அட்டை கொண்டு அடைக்க வேண்டாம், மோட்டார் சூடு வெளியேற அந்த வழிதான் இருக்கிறது. இதெல்லாம் முடிந்ததும் தகட்டை மூடலாம்.